பழகினால் சரியாகிவிடும் என்றார்கள்

வேலைக்குச் சேர்ந்த 41ஆம் நாள் இரவு, வலது காலின் சாக்ஸைக் கழற்றியபோது பெருவிரல் நகமும் அதனுடனேயே வந்துவிட்டது. வலி அவ்வளவாக இல்லை. பல நாட்களாகவே அந்த நகம் கறுத்து, அடியில் இரத்தம் கட்டி, உயிரற்றுத்தான் கிடந்தது. ஆனால் துணியில் ஒட்டிக்கொண்டிருந்த நகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தபோது எனக்கு வலியைவிட வெட்கமே மேலோங்கியது. காலைக் காப்பதற்கென்று பணம் கொடுத்து வாங்கிய பூட்ஸ்தான் இதைச் செய்திருந்தது. இரும்புக் கட்டுமானத் தளங்களில் நாளுக்குப் பத்து, பதினொரு மணி நேரம் நின்றும் நடந்தும் ஏணி ஏறியும் பார்க்க வேண்டிய வேலை என்னுடையது. அதற்கேற்ற கனத்த தோல் பூட்ஸைத் தேர்ந்து, காலுக்குப் பொருத்தி, கெடாமல் வைத்துக்கொள்ளக் கற்பதற்குள் நான்கு ஜோடிகளை இழந்தேன். அவற்றின் விலையைக் கூட்டினால் என் ஒன்றரை மாதச் சம்பளம் வரும். சம்பளமில்லாமல் எடுத்த 9 நாள் விடுப்பு தனிக்கணக்கு. இவற்றில் எதைப் பற்றியும் என்னை யாரும் முன்கூட்டியே எச்சரிக்கவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "பழகினால் சரியாகிவிடும்."

முதல் ஜோடியை ஒரு காலை வேளையில், அலுவலகத்துக்கு அணியும் மெல்லிய சாக்ஸுடன், உட்கார்ந்த நிலையிலேயே போட்டுப் பார்த்து வாங்கினேன். இந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று தவறுகள் இருக்கின்றன. பகல் முழுவதும் நின்ற பாதம் மாலையில் வீங்கிப் பெரிதாகும். ஆகவே பூட்ஸை மாலையில்தான் போட்டுப் பார்க்க வேண்டும். வேலைக்கு அணியப்போகும் தடித்த சாக்ஸைக் கையோடு கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் கடையில் சரியாக இருக்கும் பூட்ஸ் தளத்தில் இறுக்கும். எழுந்து நின்று உடல் எடை முழுவதும் பாதத்தில் இறங்கும்போது அது நீளத்திலும் அகலத்திலும் விரியும் என்பதால், உட்கார்ந்து பார்த்துச் சொல்லும் "சரி" ஒன்றுக்கும் உதவாது. நான்காவது தவறு இவற்றைவிடப் பெரியது. "என் அளவு எட்டு" என்று எண்ணைச் சொல்லிக் கேட்டேன். அந்த எண் நான் கல்லூரி நாட்களில் அணிந்த கான்வாஸ் காலணியின் எண்.

எண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் விழும் குழி அதுதான். பிரிட்டிஷ் அளவுமுறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு அங்குலம், அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர் வித்தியாசம். ஐரோப்பிய முறையில் மூன்றில் இரண்டு பங்கு சென்டிமீட்டர், ஏறத்தாழ 6.7 மில்லிமீட்டர். இரண்டும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவதில்லை என்பதால், பெட்டியில் அச்சிட்டிருக்கும் மாற்று எண்கள் எல்லாம் தோராயமானவை. அதோடு, காலணியை வடிக்கும் அச்சு ஒவ்வொரு தயாரிப்பாளரிடமும் ஒவ்வொரு வடிவில் இருக்கும்; ஒருவரின் எட்டு மற்றவரின் ஏழரையாகவோ எட்டரையாகவோ அமையலாம். பாதத்தின் நீளத்தை மில்லிமீட்டரில் நேரடியாகக் குறிக்கும் மாண்டோபாயின்ட் என்ற முறையும் உண்டு. பெட்டியில் அது இருந்தால் மற்ற எண்களை விட்டுவிட்டு அதையே நம்புங்கள். இவற்றில் எதையும் அறியாமல் நான் எட்டு கேட்டேன், எட்டு கொடுத்தார்கள். விரல் லேசாக முட்டுகிறதே என்றதற்கு, "தோல்தானே சார், ஒரு வாரத்தில் விட்டுக்கொடுக்கும்" என்றார் விற்பனையாளர். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தோல் விட்டுக்கொடுக்கத்தான் செய்யும். ஆனால் என் விரல் முட்டியது தோலில் அல்ல, அதற்குள் இருந்த இரும்பில்.

முதல் வாரம் குதிகாலில் கொப்புளம் வந்தது. அது எல்லோருக்கும் வருவது என்று விட்டுவிட்டேன். இரண்டாம் வாரத்திலிருந்து படி இறங்கும்போதெல்லாம் பெருவிரல் முன்பக்கத்து இரும்புத் தொப்பியில், தளத்தில் நாங்கள் ஸ்டீல் டோ என்று சொல்வதில், போய் இடித்தது. நாளுக்கு இருநூறு படி இறங்கினால் இருநூறு இடி. கேட்டவரெல்லாம் ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் பூட்ஸைத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தோடு அணிந்து நடந்தே காயவைக்கச் சொன்னார்; செய்தேன். தோல் உண்மையிலேயே இளகியது, குதிகால் பக்கம் தொளதொளத்தது, உள்ளட்டை நெளிந்து சுருண்டது, விரல் இடிப்பது மட்டும் அப்படியே இருந்தது. நகம் விழுந்த பிறகு பார்த்த மருத்துவர், பெருவிரல் நகம் முழுதாக வளர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும் என்றார். பூட்ஸ் இன்னும் பழகவில்லை என்று நான் முனகியதைக் கேட்டு, "பழகுவது எது, பழகாதது எது என்று தெரிந்தா வாங்கினீர்கள்?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை.

இப்போது இருக்கிறது. மேல்தோல் பழகும்: கணுக்காலைச் சுற்றிய விறைப்பு, விரல் மடங்கும் இடத்துச் சுருக்கம், நாக்கின் (லேஸுக்கு அடியில் வரும் மடலின்) அழுத்தம், பாதத்தின் பக்கவாட்டில் உள்ள இலேசான இறுக்கம் ஆகியவை இரண்டு மூன்று வாரங்களில் தளரும். உள்ளட்டையும் ஓரளவு அமுங்கிப் பாதத்தின் வடிவை ஏற்கும். ஆனால் நீளம் பழகாது. இரும்புத் தொப்பியின் அகலமும் உயரமும் பழகா. குதிகாலைத் தாங்கும் விறைத்த கிண்ணம் அடிப்படை வடிவத்தை மாற்றிக்கொள்ளாது. பூட்ஸ் எந்த இடத்தில் மடங்குகிறதோ அந்த இடமும் மாறாது. ஆகவே கடையில் போட்டுப் பார்க்கும்போது உறுத்துகிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. உறுத்துவது தோலா, உள்ளே இருக்கும் கடினமான பாகமா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கடினமான பாகம் உறுத்தினால், அங்கேயே கழற்றி வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

சூடுபட்ட பூனை போல, இரண்டாவது ஜோடியை இரண்டு எண் பெரிதாக வாங்கினேன். விரலுக்கு முன்னால் ஏராளமாக இடம் இருந்தது. இரண்டு சாக்ஸ் போட்டு அதை நிரப்பினேன். ஒரு மாதம் நிம்மதியாகப் போயிற்று என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டு குதிகால்களிலும் கொப்புளம் உடைந்து உடைந்து தழும்பேறியது. ஒவ்வொரு அடிக்கும் குதி மேலெழும்பி உராய்ந்துகொண்டே இருந்தது. அதைவிட எனக்குப் புரியாமல் இருந்தது உள்ளங்கால் வலி. காலையில் படுக்கையைவிட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலுக்கு அடியில் ஊசி குத்துவதுபோல இருக்கும். பாதத்தில் விரல்கள் மடங்கும் அகன்ற மேட்டுப்பகுதியும், பூட்ஸின் சோல் மடங்கும் இடமும் ஒன்றின்மேல் ஒன்று அமைய வேண்டும். என் பூட்ஸ் நீளமாக இருந்ததால் அது மடங்கும் இடம் என் விரல்நுனிப் பக்கம் தள்ளிப் போயிருந்தது. ஒவ்வொரு அடியிலும் மடங்காத பலகை ஒன்றோடு உள்ளங்கால் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் ஏணியில் இறங்கும்போது அளவுக்கு மீறி நீண்ட முன்பகுதி படியில் சிக்கி, கணுக்கால் பிசகியது. விடுப்பு 9 நாட்கள் என்றேனே, அதில் 6 நாட்கள் இந்த ஒரு சறுக்கலுக்கு. பெரிய பூட்ஸ் சிறிய பூட்ஸைவிட ஆபத்தானது என்பது என் தனிப்பட்ட கருத்து. சிறியது வலியால் எச்சரிக்கிறது, பெரியது சௌகரியமாக இருப்பதுபோல் நடித்துவிட்டுத் தள்ளிவிடுகிறது.

கணுக்கால் தேறியபின், தளத்தில் முப்பது ஆண்டுகளாக வேலை செய்யும் மூத்த வெல்டர் ஒருவரின் பூட்ஸைக் கவனித்தேன். சோல் இருமுறை மாற்றப்பட்டது, தோலில் ஆயிரம் கீறல், ஆனால் ஒரு வெடிப்பு இல்லை. அண்ணன் எனக்கு அளவெடுக்கக் கற்றுக்கொடுத்தார். வேலை முடிந்த மாலையில், சாக்ஸ் அணிந்து, சுவரை ஒட்டிக் குதிகாலை வைத்து, ஒரு தாளின்மேல் எழுந்து நிற்க வேண்டும். குனிந்தால் எடை மாறும் என்பதால் வேறொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரைய வேண்டும். மூன்று அளவுகள் எடுக்க வேண்டும்: குதியிலிருந்து மிக நீண்ட விரலின் நுனிவரை, குதியிலிருந்து பெருவிரலடி மூட்டுவரை, பாதத்தின் மிக அகன்ற இடம். மிக நீண்ட விரல் பெருவிரலாக இருக்க வேண்டும் என்பதில்லை. எனக்கு அது இரண்டாம் விரல், அதை நான் அன்றுதான் கவனித்தேன். இரண்டு கால்களையும் அளக்க வேண்டும். பெரும்பாலானோருக்கு ஒன்று சற்றுப் பெரிது, வாங்குவது பெரிய காலுக்குத்தான். 1920களில் சார்லஸ் பிரான்னாக் என்ற அமெரிக்கர் வடிவமைத்த உலோக அளவுகருவி இன்றும் சில கடைகளில் இருக்கிறது. அது அளப்பதும் இதே மூன்றைத்தான். மொத்த நீளம் ஒன்றும் மூட்டுவரை உள்ள நீளம் வேறொன்றும் காட்டினால், இரண்டில் பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு சோதிக்கத் தொடங்க வேண்டும்.

கடையில் செய்ய வேண்டிய முதல் சோதனைக்குப் பூட்ஸை அணியவே தேவையில்லை. உள்ளட்டையை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, அதன்மேல் ஏறி நில்லுங்கள். பாதத்தின் எந்தப் பக்கமாவது அட்டையின் விளிம்பைத் தாண்டி வழிந்தால் அந்தப் பூட்ஸ் குறுகல். விரலுக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு கைக் கட்டைவிரல் அகலம் மிஞ்சினால் நீளம் சரி. ஸ்டீல் டோ உள்ள பூட்ஸில் வெளியிலிருந்து அழுத்தி விரல் எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியாது என்பதால், இந்தச் சோதனையை நான் எதற்காகவும் விடுவதில்லை. பிறகு லேஸ் கட்டாமல் காலை முன்னால் முட்டும்வரை தள்ளி, குதிக்குப் பின்னால் ஒரு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். அடுத்து குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் நன்றாகப் பொருத்தி, லேஸை முழுவதும் கட்டி, சாய்வான இடத்திலோ படியிலோ இறங்குங்கள்; விரல் முன்னால் இடிக்கக் கூடாது. முழங்காலை மடக்கிக் குந்துங்கள். தொப்பியின் பின்விளிம்பு விரல்களின்மேல் வெட்டக் கூடாது. புதிய பூட்ஸில் குதி இம்மியளவு எழும்புவது தவறல்ல, சோல் வளையத் தொடங்கியதும் அது குறையும். அரை அங்குலம் எழும்பினால் குறையாது. இதற்கெல்லாம் அரை மணி நேரம் ஆகும். விற்பவர் முகம் சுளிக்கலாம். அவர் முகம் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். நகத்துக்கு ஒன்றரை ஆண்டு வேண்டும்.

பொருத்தம் தெரிந்த பிறகுதான் பாதுகாப்புக் குறிகளைப் படிக்கவே தொடங்கினேன். அதற்கு முன் அவை எனக்கு வெறும் எழுத்துகள். ஐ.எஸ்.ஓ 20345 என்ற தரநிலையின்படி வரும் பூட்ஸில் விரல்தொப்பி 200 ஜூல் மோதலையும், 15 கிலோ நியூட்டன் அழுத்தத்தையும் தாங்க வேண்டும். 200 ஜூல் என்பது 20 கிலோ எடை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விரல்மேல் விழுவதற்குச் சமம். 15 கிலோ நியூட்டன் என்பது ஒன்றரை டன் எடை. ஐ.எஸ்.ஓ 20347 என்று போட்டிருந்தால் அது பணிக்கான காலணிதான், ஆனால் தொப்பி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கடைசி எண்ணைக் கவனிக்காமல் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தரநிலை எண்ணோடு எஸ்1 என்ற குறி இருந்தால் மூடிய குதியும் நிலைமின்னைக் கடத்தும் தன்மையும் அதிர்வைத் தாங்கும் குதியும் உண்டு. எஸ்2இல் மேல்தோல் தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. எஸ்3இல் இவற்றுடன் ஆணி துளைக்காத நடுத்தகடும் பள்ளம் வெட்டிய சோலும் சேரும். ஆணியும் கம்பியும் சிதறிக் கிடக்கும் தளத்துக்கு எஸ்3 வேண்டும். ஈரமில்லாத கிடங்கில் அதை அணிவது வீண் சுமை.

ஸ்டீல் டோ மடங்கினால் விரல்களை வெட்டிவிடும் என்று அஞ்சி அதைத் தவிர்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த இரும்பை மடக்கும் அளவுக்கு எடை விழுந்தால், இரும்பில்லாத விரல்களின் கதி என்ன என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். எடை குறைவு வேண்டுவோருக்கு அலுமினியத் தொப்பியும், இழைக்கலவையால் ஆன காம்போசிட் தொப்பியும் உண்டு. பின்னது குளிரையும் வெப்பத்தையும் எளிதில் கடத்தாது, உலோகச் சோதனைக் கருவியிலும் ஒலி எழுப்பாது, ஆனால் சற்றுத் தடிமனாக இருக்கும். எந்தத் தொப்பியாக இருந்தாலும் பலமான அடி ஒன்று வாங்கிவிட்டால், வெளியே தடயம் தெரியாவிட்டாலும் அந்த ஜோடியை மாற்றிவிட வேண்டும். நடுத்தகட்டிலும் இதேபோல ஒரு தேர்வு உண்டு: எஃகுத் தகடு மெல்லிய ஆணியையும் தடுக்கும், ஆனால் எளிதில் வளையாது, ஓரங்களை முழுவதும் மூடாது; நெய்த தகடு பாதம் முழுவதையும் மூடும், எளிதில் வளையும், ஆனால் மிக மெல்லிய கூர்முனைகள் அதைத் துளைத்துவிடக்கூடும். ஏணியில் நிற்கும் வேலை இருந்தால் குதி தனியாகப் படிபோல வெட்டப்பட்டிருக்க வேண்டும். தட்டையான சோல் ஏணிப்படியில் பிடிக்காது. எண்ணெய்க்கும் சூட்டுக்கும் நைட்ரைல் ரப்பர் சோல். வெறும் நடைக்குப் பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் வகைச் சோல் இலகு.

தோலைப் பார்க்கும் கண்ணும் எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. அசல் தோல் என்ற முத்திரை, அது தோல் என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. விலங்கின் தோலில் மயிர் இருந்த மேற்பரப்பில்தான் இழைகள் நெருக்கமாகப் பின்னியிருக்கும். அந்தப் பரப்பைச் சுரண்டாமல் அப்படியே விட்டது ஃபுல் கிரெய்ன். அதைத் தேய்த்து, குறைகளை மறைத்துச் செயற்கை மேற்பூச்சு இட்டது கரெக்டட் கிரெய்ன். மேல் அடுக்கைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கீழ் அடுக்கு ஸ்பிளிட் லெதர்; அதன்மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டி, தோல் போன்ற கோடுகளை அழுத்திவிட்டால் புதிதில் வேறுபாடு தெரியாது. நாக்கின் ஓரம்போல, மடிக்காமல் வெட்டி விடப்பட்ட விளிம்பு எங்கேனும் இருந்தால் உற்றுப் பாருங்கள்: மேலே படலம் தனியாகவும் கீழே பஞ்சு போன்ற இழை தனியாகவும் தெரிந்தால் அது ஸ்பிளிட். கட்டைவிரலால் அழுத்தினால் நல்ல தோலில் நுண்ணிய சுருக்கங்கள் விரிந்து மறையும். பூச்சுத் தோலில் மொத்தமாக ஒரு பள்ளம் விழும். கனத்த வேலைக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறையாத தோல் வேண்டும். ஸ்பிளிட் கூடாது என்று நான் சொல்லவில்லை. வெல்டிங் பொறிக்கு அதன் சொரசொரப்பான பரப்பு நன்றாகவே தாக்குப்பிடிக்கும். ஃபுல் கிரெய்ன் விலையைக் கொடுத்து ஸ்பிளிட்டை வாங்குவதுதான் ஏமாற்றம், என் முதல் ஜோடி அப்படிப்பட்டது.

சோலை மேல்பாகத்தோடு இணைக்கும் முறைதான் பூட்ஸின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. பசையால் ஒட்டியதும், சோலை உருக்கி நேரடியாக வார்த்ததும் இலகுவானவை, மலிவானவை. சோல் தேய்ந்தால் பெரும்பாலும் பூட்ஸும் போய்விட்டது என்று பொருள். தோல் பட்டை ஒன்றைச் சுற்றிலும் தைத்து, அந்தப் பட்டையோடு சோலைத் தைப்பது குட்இயர் வெல்ட். தையலைப் பிரித்துப் புதிய சோல் போடலாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இதற்கான இயந்திரத்தைப் பரவச் செய்தவர் சார்லஸ் குட்இயர் ஜூனியர். ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிக் கெட்டிப்படுத்தும் முறைக்கு 1844இல் காப்புரிமை பெற்றவர் அவருடைய தந்தை. வெல்ட் பூட்ஸ்தான் உயர்ந்தது என்று எல்லோரும் சொல்வார்கள், நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஈரச் சிமென்ட்டிலும் ரசாயனத்திலும் நிற்பவர்களுக்குச் சோல் தேயும் முன்னரே மேல்தோல் செத்துவிடும்; அவர்கள் மறுபடி சோல் போட முடியும் என்ற வசதிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் பயனில்லை.

இவ்வளவும் பார்த்து வாங்கிய மூன்றாவது ஜோடி காலுக்கு அப்படியே பொருந்தியது. முதல் நாள் வீட்டுக்குள்ளேயே இரண்டு மணி நேரம் அணிந்தேன். மறுநாள் மூன்று மணி நேரம். இப்படி ஒரு வாரம். வீட்டுக்குள் அணிவதில் இன்னொரு நன்மை, சோலில் அழுக்குப் படியாததால் பொருந்தாவிட்டால் மாற்றித் தரக் கேட்கலாம். எங்கேயாவது தோல் சூடாகி எரிவதுபோலத் தோன்றினால் அது கொப்புளத்துக்கு முந்தைய நிலை. அப்போதே கழற்றி அந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் இந்த எச்சரிக்கையை நம்பியிருக்க முடியாது. அவர்கள் ஒவ்வொரு மணி நேரமும் கழற்றிக் கண்ணால் பார்ப்பதே வழி. லேஸ் கட்டுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பாதம் கணுக்காலோடு வளையும் இடத்தில் லேஸை ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினால் குதி பின்னாலேயே பிடித்துக்கொள்ளும், கீழ்ப்பகுதியைத் தளர்வாகவும் மேல்பகுதியைத் தேவைக்கேற்பவும் விடலாம். சாக்ஸ் விஷயத்தில் நான் பருத்தியைக் கைவிட்டுவிட்டேன். அது வியர்வையைக் குடித்து அப்படியே வைத்துக்கொள்கிறது. கம்பளிக் கலவை சாக்ஸ் வெயிலுக்கு ஒவ்வாது என்று நினைத்தேன்; அணிந்து பார்த்தபின் கால் உலர்ந்திருப்பது தெரிந்தது.

அந்த மூன்றாவது ஜோடியையும் எட்டே மாதத்தில் கொன்றேன். இந்த முறை யாரையும் குறை சொல்ல முடியாது. மழையில் முழுவதுமாக நனைந்துவிட்டது, மறுநாள் வேலைக்கு வேண்டும் என்று இரவு முழுவதும் சூட்டுக் காற்று ஊதும் ஹீட்டருக்கு முன்னால் வைத்துவிட்டேன். காலையில் பூட்ஸ் உலர்ந்திருந்தது, கட்டைபோல. விரல் மடங்கும் இடத்தில் முதல் அடியிலேயே ஒரு கோடு விழுந்தது, மாலைக்குள் அது வெடிப்பாயிற்று. தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகளின் பின்னல். ஈரமாக இருக்கையில் கடும் சூடு பட்டால் அந்த இழைகள் சுருங்கி இறுகிவிடும், அவற்றுக்கிடையே வழுக்கலாக இருந்த எண்ணெயும் போய்விடும். போனதைத் திரும்பக் கொடுப்பதாக எண்ணி, கையில் கிடைத்த எண்ணெயை மூன்று நாட்கள் தொடர்ந்து ஊற்றினேன். வெடிப்பு சேரவில்லை, வெடிக்காமல் இருந்த இடங்களும் துணிபோலத் துவண்டு கணுக்காலுக்குப் பிடிமானமே இல்லாமல் போயிற்று. முதல் இரண்டு ஜோடிகளுக்கு வராத துக்கம் இதற்கு வந்தது. அவை எனக்கு எதிரிகள்; இது நன்றாக உழைத்துக்கொண்டிருந்தது.

நனைந்த பூட்ஸை உலர்த்தத் தேவை பழைய செய்தித்தாளும் பொறுமையும்தான். லேஸைத் தளர்த்தி, உள்ளட்டையை வெளியே எடுத்துத் தனியாக வைத்து, கசக்கிய தாளை விரல்முனைவரை திணித்து, காற்றோட்டமுள்ள நிழலில் பக்கவாட்டில் சாய்த்து வைக்க வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்தில் தாள் சொதசொதத்துவிடும். மாற்ற வேண்டும், இரவு படுக்குமுன் மறுபடி மாற்ற வேண்டும். முழுவதும் உலர இரண்டு நாட்கள்கூட ஆகலாம். மின்விசிறிக் காற்று நல்லது, வெயிலும் அடுப்பும் கூடாது. இதனால்தான் இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றி அணிவது ஆடம்பரம் அல்ல என்கிறேன். ஒரு நாள் முழுவதும் வியர்வை குடித்த தோல் ஒரே இரவில் உலர்வதில்லை, தொடர்ந்து ஈரத்திலேயே இருக்கும் தையல் நூலும் உள்துணியும் சீக்கிரம் இற்றுப்போகும், கால்விரல் இடுக்குகளில் சேற்றுப்புண்ணும் வரும்.

அன்றாடப் பராமரிப்பு இதைவிட எளிது. மாலையில் காய்ந்த மண்ணையும் தூசியையும் குதிரைமயிர் பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். சுருக்கங்களில் தங்கும் மணல் ஒவ்வொரு அடியிலும் தோலை உள்ளிருந்தே அரம்போல அராவுகிறது. சிமென்ட் பட்டிருந்தால் அதை நாளைக்கு என்று வைக்கவே கூடாது. ஈரச் சிமென்ட்டின் பி.எச். அளவு 12க்கும் மேல், கடும் காரம்; பதனிட்ட தோலோ இலேசான அமிலத்தன்மை கொண்டது. இரண்டும் சேர்ந்தால் தோல் வறண்டு சுண்ணாம்புபோல் உதிரும். ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த பிறகு கண்டிஷனர் தடவ வேண்டும். எண்ணெய்ப் பசை கலந்த கண்டிஷனர் எனக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை பட்டாணி அளவு போதுமானதாக இருக்கிறது. தோலைத் தொட்டால் வறண்டு, நிறம் வெளுத்திருப்பதுதான் அறிகுறி, நாட்காட்டி அல்ல. அதற்குமேல் தையல்களின்மீது மட்டும் தேன்மெழுகு கலந்த மெழுகைச் சற்றுத் தாராளமாகத் தேய்க்கிறேன், தண்ணீர் முதலில் நுழைவது தையல் துளைகள் வழியாகத்தான். சொரசொரப்பான தோலுக்கோ, மேற்பரப்பை லேசாகத் தேய்த்து மென்மையாக்கிய நூபக் தோலுக்கோ மெழுகு தேய்த்தால் அதன் பரப்பே படிந்து மறைந்துவிடும். அவற்றுக்குப் பிரஷ்ஷும் தண்ணீர் ஒட்டாத ஸ்பிரேயும் போதும்.

நான்காவது ஜோடியின் கதை விசித்திரமானது, ஏனெனில் அதை நான் ஒரு நாள்கூட வேலைக்கு அணியவில்லை. மூன்றாவது ஜோடி நன்றாகப் பொருந்திய மகிழ்ச்சியில், அதே மாதிரியில் இன்னொன்றைச் சலுகை விலையில் வாங்கிப் பெட்டியோடு பரணில் வைத்திருந்தேன். மூன்றாவது வெடித்ததும் அதை எடுத்திருக்கலாம். நல்லது கெட்டுவிடக் கூடாதென்று அதை அப்படியே பத்திரப்படுத்திவிட்டு, வெல்ட் பூட்ஸ் ஒன்றை வாங்கினேன். மூன்றாண்டுகள் கழித்து, அந்த வெல்ட் பூட்ஸ் சோல் மாற்றப் போயிருந்த வாரத்தில் பெட்டியைத் திறந்தேன். தோல் பளபளவென்று இருந்தது. அணிந்து வாசலைத் தாண்டி நூறு அடி நடப்பதற்குள் இரண்டு சோல்களும் பழைய கேக்போலப் பொடிப்பொடியாக உதிர்ந்தன. பாலியூரிதேன் நடுச்சோல் காற்றிலுள்ள ஈரத்தோடு மெல்ல வினைபுரிந்து உடையும். வெப்பமும் புழுக்கமும் அதை விரைவுபடுத்தும். அணியாமல் வைத்திருப்பதால் அது நிற்பதில்லை. நாக்கின் உட்புறம் அச்சிட்டிருந்த தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் அப்போதுதான் படித்தேன்: நான் வாங்கிய நாளிலேயே அதற்கு மூன்று வயது. சலுகை விலைக்குக் காரணம் புரிந்தது. பாதுகாப்புப் பூட்ஸில் தயாரிப்புத் தேதி இருந்தாக வேண்டும். பணம் கொடுக்குமுன் நாக்கைப் புரட்டிப் பாருங்கள், வாங்கியதைச் சேமித்து வைக்காதீர்கள்.

இப்போது அணிவது அந்த வெல்ட் பூட்ஸைத்தான், இரண்டாவது சோல் ஓடிக்கொண்டிருக்கிறது. பெருவிரல் நகம் முழுதாக வளர்ந்துவிட்டது, நடுவில் ஒரு மேடு மட்டும் நிலைத்துவிட்டது. சென்ற மாதம் தளத்துக்குப் புதிதாக வந்த இளைஞர் ஒருவர் மதிய இடைவேளையில் பூட்ஸைக் கழற்றிவைத்து விரல்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "புதுசு அண்ணே, பழகினா சரியாயிடும்" என்றார். உள்ளட்டையை வெளியே எடுத்துத் தரையில் போட்டு ஏறி நிற்கச் சொன்னேன். சுண்டுவிரலில் பாதி அட்டைக்கு வெளியே தரையில் இருந்தது. அன்று மாலையே கடைக்குப் போனார். சோலில் நான்கு நாள் சேறு ஒட்டியிருந்ததால் மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். பிறகு தளத்திலேயே பாதம் குறுகலான வேறொருவர், அட்டையின்மேல் நின்று பார்த்துவிட்டு, அதைப் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டார்.